கோல் இந்தியா பங்கு: 15 ஆண்டு வாடகைக் கணக்கு

பங்குக்கெல்லாமா மதிப்புரை எழுதுவார்கள் என்று என் அண்ணன் மகன் சிரிக்கிறான். மூன்று மாதம் ஓட்டிய மிக்சிக்கு எழுதுகிறார்கள், ஒரு வேளை சாப்பிட்ட ஓட்டலுக்கு எழுதுகிறார்கள். 15 ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் பொருளுக்கு நான் எழுதினால் என்ன? பொருள், நிலக்கரி எடுக்கும் அரசு நிறுவனமான கோல் இந்தியாவின் 300 பங்குகள். வாங்கியவள், தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களுக்காக அதை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: நூற்றுக்கு 62. முதல் வகுப்புதான், ஆனால் மேடையில் ஏற்றிப் பரிசு கொடுக்கிற முதல் வகுப்பு இல்லை.

31 ஆண்டுகள் இந்திய வரைபடத்தில் நிலக்கரி வயல்களைக் குறிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். ராணிகஞ்ச், ஜாரியா, பொக்காரோ, தால்ச்சேர், கோர்பா, சிங்ரௌலி என்று ஆறு கறுப்புப் புள்ளிகள். ஒடிசாவில் இருக்கும் தால்ச்சேரை ஆந்திரக் கடற்கரையில் கொண்டுபோய் வைக்கும் பிள்ளை எல்லா வருடமும் ஒன்று இருக்கும். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது துறைமுகத்திலிருந்து கரி ஏற்றிப் போகும் சரக்கு ரயிலை எண்ணிவிட்டு வந்து, மறுநாள் வகுப்பில் சொல்லும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவன் 58 வேகன் என்பான், இன்னொருவன் 59 என்பான். கார்டு பெட்டியைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை அது. நான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிறகு வட சென்னையின் கரித்தூசிப் புகார் நீதிமன்றப் படி ஏறி, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி வேலை எண்ணூர்ப் பக்கம் போயிற்று. அதன்பின் கேட்டில் எண்ணுவதற்குக் கண்டெய்னர்கள்தான்.

2010 அக்டோபரில் கோல் இந்தியா பங்கு வெளியாகப் போகிறது என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தபோது, அந்த நிறுவனத்தை வரைபடத்தோடு அறிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். கணக்கு டீச்சருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. விண்ணப்பப் படிவங்களையே வாங்கி வந்துவிட்டார். விலை 245 ரூபாய். எங்களைப் போன்ற சில்லறை முதலீட்டாளர்களுக்கு 5 சதவீதம் தள்ளுபடி, ஆகவே 232 ரூபாய் 75 காசு. 400 கேட்டேன், பாதிகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு கூட்டம். 15,000 கோடி ரூபாய்க்கு மேல் திரண்ட அந்த வெளியீடுதான் அதுவரை இந்தியா கண்டவற்றில் மிகப் பெரியது.

அந்தச் சமயத்தில் நான் கவனிக்கத் தவறிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது நிறுவனம் தனக்காக மூலதனம் திரட்டிய வெளியீடு இல்லை. அரசு தன்னிடமிருந்த பங்கில் 10 சதவீதத்தை விற்றது, அவ்வளவுதான். நாங்கள் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடச் சுரங்கத்துக்குப் போகவில்லை. முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. வீட்டுக்காரர் வீட்டின் ஓர் அறையை நமக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டை இடித்துக் கட்டவில்லை. இந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பங்கின் குணம் முழுக்க விளங்கிவிடும்.

நவம்பர் 4, தீபாவளிக்கு முதல் நாள், பங்கு சந்தைக்கு வந்தது. அன்றே சுமார் 40 சதவீதம் ஏறி 340 ரூபாயைத் தாண்டி முடிந்தது. கணக்கு டீச்சர் மறுவாரமே விற்று, மகளுக்கு ஒரு சங்கிலி எடுத்தார். நான் விற்கவில்லை. அந்தச் சங்கிலியின் இன்றைய விலையை அவர் எப்போது பார்த்தாலும் எனக்கு நினைவூட்டுவார்.

சரி, நிறுவனத்துக்கு வருவோம். கோல் இந்தியா என்றதும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் நெய்வேலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. நெய்வேலி 1956இல் தொடங்கிய தனி நிறுவனம். அங்கே எடுப்பது பழுப்பு நிலக்கரி. தெலங்கானாவின் சிங்கரேணியும் தனி. இது கொல்கத்தாவில் தலைமையகம் வைத்திருப்பது. தனியார் கையிலிருந்த சுரங்கங்களை 1970களின் தொடக்கத்தில் நாட்டுடைமையாக்கி, 1975 நவம்பர் 1ஆம் தேதி ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். தன்பாத், ராஞ்சி, நாக்பூர், பிலாஸ்பூர், சிங்ரௌலி, சம்பல்பூர் என்று அதன் துணை நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர். முதல் ஆண்டில் எடுத்தது 7.9 கோடி டன். நான் பங்கு வாங்கிய 2010-11இல் 43 கோடி டன். 2024-25இல் 78 கோடி டன்.

வகுப்பறைப் பழக்கம் விடாது. இதைக் கொருக்குப்பேட்டை கேட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். 78 கோடியை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 21 லட்சம் டன்னுக்கு மேல். ஒரு சரக்கு ரயில் சுமார் 4,000 டன் இழுக்கும். அத்தனையும் ரயிலில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 530 ரயில்கள். இரண்டே முக்கால் நிமிடத்துக்கு ஒன்று. கேட் திறக்கவே திறக்காது.

இந்த வளர்ச்சி எப்படி வந்தது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. பாடப்புத்தகப் படத்தில் தலையில் விளக்கு மாட்டிய தொழிலாளி குனிந்து சுரங்கத்துக்குள் போவார். அந்தப் படம் இன்று கோல் இந்தியாவுக்குப் பொருந்தாது. எடுக்கும் 100 டன்னில் 95க்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் அள்ளி அப்பால் கொட்டிவிட்டு, கரிப் படுகையை வானம் பார்க்க வைத்து வெட்டுகிறார்கள். ஒரு டன் கரிக்குச் சராசரியாக இரண்டரை கன மீட்டர் மேல்மண் அகற்ற வேண்டும். ஒரு நாளில் அகற்றும் மண்ணை மட்டும் ஒரு கால்பந்து மைதானத்தில் நிற்க வைக்க முடிந்தால் 700 மீட்டருக்கு மேல் உயரும். நம் பரங்கிமலையைப் போல ஏழு மடங்கு. எனவே கோல் இந்தியாவைக் கரி எடுக்கும் நிறுவனம் என்பதைவிட மண் அள்ளும் நிறுவனம் என்றால் தப்பில்லை. கரி அதன் கூடவே வருகிறது.

என் பழைய மாணவன் ஒருவன் சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோர்பாவுக்கு, கெவ்ரா சுரங்கத்துக்குப் போய் வந்தான். நாட்டிலேயே பெரிய சுரங்கம் அது. 2023-24இல் அந்த ஒரு பள்ளத்திலிருந்து மட்டும் 5.9 கோடி டன் எடுத்தார்கள். 1975இல் மொத்த நிறுவனமும் எடுத்ததில் முக்கால் பங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவன் சொன்ன முதல் வாக்கியம்: "டீச்சர், நீங்கள் வைக்கச் சொன்ன புள்ளிக்குள் நான் நின்றேன். மறுகரை தெரியவில்லை." லாரிச் சக்கரம் அவனைப் போல இரண்டு ஆள் உயரமாம். வெடி வைக்காமலே, உருளையில் பதித்த பற்களால் படுகையைச் சீவிக்கொண்டு போகும் இயந்திரம் ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். தேங்காய் துருவுவதைப் போல என்று கையை ஆட்டிக் காட்டினான். கரி அங்கேயே தூளாகிவிடுகிறது. தனியாக உடைக்க வேண்டியதில்லை. தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் வண்டிகள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கின்றனவாம். இருந்தும் அவன் கைக்குட்டை ஒன்றுகூட வெளுக்கவில்லை என்று அவன் அம்மாவுக்குக் குறை.

எனக்காக ஒரு கட்டி கொண்டு வந்திருந்தான். தேங்காய் மூடி அளவு இருக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை. கண்ணாடி போல மின்னும் ஒரு பட்டை, அதன் கீழே சிலேட்டைப் போல மங்கிய ஒரு பட்டை, மறுபடி மின்னும் பட்டை என்று அடுக்கடுக்காகப் போகிறது. மின்னும் பட்டையைத் தொட்டால் விரல் சுத்தமாக இருக்கிறது. நடுவில் பட்டுநூல் போல ஓடும் மெல்லிய அடுக்கைத் தொட்டால்தான் விரல் கறுக்கிறது. எங்கள் பள்ளி அலமாரியில் சுற்றுலா போனபோது எடுத்து வந்த நெய்வேலிக் கட்டி ஒன்று இருந்தது. காய்ந்ததும் பொரிந்து உதிர்ந்துவிட்டது, அதில் மரத்தின் நார்கூடத் தெரியும். இது அப்படியில்லை. 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் அழுந்திக் கிடந்தது, கல்லாகவே ஆகிவிட்டது. கனமும் அதிகம். அந்தக் கனத்தில் ஒரு பகுதி கரியே அல்ல, கூடவே கலந்த மண். நம் நாட்டு மின்நிலையங்களுக்குப் போகும் கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பலாக மிஞ்சும். தரத்தை 17 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தால்ச்சேர்க் கரி அந்த வரிசையின் பின்பாதியில் உட்காரும் மாணவன். அந்தப் பின்வரிசை மாணவன்தான் பாரதீப் வரை ரயிலிலும், அங்கிருந்து கப்பலிலும் எண்ணூருக்கு வந்து வட சென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறான். ஒரு காலத்தில் அவனைச் சுமந்த கப்பல்களின் பெயர்கள்கூட எனக்கு மனப்பாடம்: தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ்.

வளர்ச்சியின் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் மதிப்புரை விளம்பரமாகிவிடும். நான் வாங்கியபோது சுமார் 4 லட்சம் ஊழியர்கள். இப்போது 2 லட்சத்துச் சொச்சம். ஆள் பாதியாகக் குறைந்து உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது என்று பார்க்கும்போது பிரமிப்பாக இருக்கும். ஆனால் மேல்மண் அகற்றுவதில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்களின் வேலை. அவர்களுடைய ஆட்கள் அந்த 2 லட்சத்தில் வரமாட்டார்கள். 2016 டிசம்பரில் ஜார்க்கண்டின் ராஜ்மஹல் திறந்தவெளிச் சுரங்கத்தில் கொட்டி வைத்த மண்ணோடு தரை சரிந்து 23 பேர் இறந்தார்கள், ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அந்த ஆண்டும் எனக்கு, லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் ஈவுத்தொகை வந்தது, பங்குக்கு 19 ரூபாய் 90 காசு. ஜாரியாவில் 1916இலிருந்து நிலத்தடியில் தீ எரிகிறது; வரைபடத்தில் நான் சாதாரணப் புள்ளியாக வைக்கச் சொன்ன ஊர் அது.

100 கோடி டன் இலக்கு வேறு இருக்கிறது. முதலில் 2019-20க்குள் என்றார்கள். பிறகு 2023-24. பிறகு 2025-26. அதற்கும் பிறகு இன்னும் தள்ளிப் போயிற்று. "நோட்டு வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் டீச்சர்" என்பதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். நாடு மொத்தமாக 100 கோடி டன்னை 2024-25இல் தாண்டிவிட்டது, அது உண்மை. அதில் நான்கில் மூன்று பங்கு இவர்களுடையது. ஆனால் அதே ஆண்டில் இவர்களுடைய வளர்ச்சி ஒரு சதவீதம்தான். 83.8 கோடி என்று இலக்கு வைத்து 78.1இல் நின்றார்கள். லாபமும் 37,000 கோடிக்கு மேலிருந்து 35,000 கோடிக்கு இறங்கியது.

இப்போது விலை. டன் கணக்கில் 80 சதவீதம் வளர்ந்த நிறுவனத்தின் பங்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? என் கதையைக் கேளுங்கள். 2015 ஜனவரியில் அரசு இன்னொரு 10 சதவீதத்தை விற்றது. குறைந்தபட்ச விலை 358. ஒரே நாளில் 22,000 கோடிக்கு மேல் திரட்டினார்கள். எனக்குப் பணிக்கொடை வந்து கையில் ரொக்கம் இருந்த திமிர். சில்லறைத் தள்ளுபடி போக 340 ரூபாய்ச் சுமாருக்கு வாங்கி 300 ஆக்கினேன். 2020 அக்டோபரில் விலை 120க்குக் கீழே. அப்போது என் தரகு அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்து, கரிக்கு எதிர்காலம் இல்லை அம்மா, இப்போதாவது விற்றுவிடுங்கள் என்றான். அதே தம்பி 2024 ஆகஸ்டில் 540ஐத் தாண்டியபோது போன் செய்து, இன்னும் வாங்கிப் போடுங்கள் அம்மா என்றான். நான் இரண்டு முறையும் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். என் முதலீட்டுத் திறமை மொத்தமும் அதுதான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் விலை 400க்குக் கீழே வந்துவிட்டது.

ஏன் இப்படி? காரணம் ஒளித்து வைத்த ரகசியம் ஒன்றுமில்லை. எடுக்கும் கரியில் ஐந்தில் நான்கு பங்கு நீண்டகால ஒப்பந்தத்தில் மின்நிலையங்களுக்குப் போகிறது. விலையை ஏற்றினால் மின்கட்டணம் ஏறும், மின்கட்டணம் ஏறினால் தேர்தலில் கேட்பார்கள். 2018 ஜனவரியில் ஏற்றிய விலையை மறுபடி ஏற்ற 2023 மே கடைசி வரை ஆயிற்று; அதுவும் மேல்தரங்களுக்கு மட்டும் 8 சதவீதம். லண்டனிலிருக்கும் சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியம் இதே குறையைச் சொல்லி 2012இல் வழக்குக்கே போனது. ஒன்றும் நடக்காமல் 2014இல் பங்கை விற்றுவிட்டுக் கிளம்பியது. 63 சதவீதம் வைத்திருக்கும் வீட்டுக்காரரான அரசுதான் வாடகையை, அதாவது கரி விலையை, முடிவு செய்கிறது. வாடகைக்கு இருப்பவர்களும், அதாவது கரி வாங்கும் மின்நிலையங்களும், பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரின் உறவினர்களே. உள்ளறையில் ஒண்டியிருக்கும் நாம் என்ன பேச முடியும்? நம் வீட்டு மின்கட்டணம் கட்டுப்பட்டிருப்பதில் அந்தக் குறைந்த விலைக்கும் பங்குண்டு என்பதை மட்டும் அந்த லண்டன்காரர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த வாடகையில் நம் பங்கான ஈவுத்தொகை தவறாமல் வருகிறது. அதற்குத்தான் நான் முதல் வகுப்பே கொடுத்தேன். வீட்டுக்காரருக்குப் பணமுடை என்றால் பெரிய ஈவுத்தொகையாக எடுத்துக்கொள்வார், அதில் நமக்கும் யோகம்: 2013-14இல் பங்குக்கு 29 ரூபாய் ஒரே தவணையில் வந்தது. 2015-16இல் 27 ரூபாய் 40 காசு. 2019-20இல் 12 ரூபாய்க்கு இறங்கி வயிற்றைக் கலக்கியது. பிறகு 2023-24இல் 25 ரூபாய் 50 காசு, 2024-25இல் 26 ரூபாய் 50 காசு. பழைய மார்க் ரிஜிஸ்டர் ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் வாங்கிய பங்குகளுக்குக் கொடுத்த 232 ரூபாய் 75 காசு முழுவதும் ஈவுத்தொகையாகவே திரும்பி வந்துவிட்டது. பங்கு கையிலேயே இருக்கிறது. 2015இல் வாங்கியவற்றுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

வரி விஷயத்தில் மட்டும் மூத்த குடிமக்கள் விழிப்பாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து ஈவுத்தொகை நம் வருமானத்தோடு சேர்ந்துவிட்டது. ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்பினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை (2025-26 வரை அதன் பெயர் 15எச்) கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அதை நிறுவனத்துக்கு, ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன தரகு அலுவலகத்தில் கேட்டதற்கு, வங்கியில் ஒரு முறை கொடுத்திருந்தால் போதும் என்றார்கள். நம்பினேன். 700 ரூபாய்ச் சொச்சம் போயிற்று. கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

முன்பெல்லாம் ஆண்டறிக்கை செங்கல் கனத்தில் தபாலில் வரும். இப்போது மின்னஞ்சல். ஆண்டுப் பொதுக்கூட்டமும் கொரோனாவுக்குப் பிறகு காணொலியில் நடக்கிறது. கொல்கத்தாவுக்கு ஒரு நாளும் போக முடியாத நான் தண்டையார்பேட்டையில் காய் நறுக்கிக்கொண்டே ஒரு முறை பார்த்தேன். கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் நிர்வாகத்தைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் வருகிற அன்று வகுப்பு இப்படித்தான் இருக்கும்.

அண்ணன் மகன் கடைசியாகக் கேட்டான்: "நான் வாங்கலாமா அத்தை?" அவனுக்கு 28 வயது, மாதச் சம்பளம், வாடகை வருமானம் தேவையில்லாத பருவம். உனக்கு வேண்டாம் என்றேன். அவன் அம்மாவுக்கு, அதாவது என் அண்ணிக்கு, 350க்குக் கீழே கிடைத்தால் கொஞ்சம் வாங்கலாம், அண்ணன் ஓய்வூதியத்துக்குத் துணையாக இருக்கும் என்றேன். அப்படியானால் உங்களுடையதை விற்பீர்களா என்றான். வரம்பைத் தாண்டாவிட்டாலும் இருக்கட்டும் என்று, அந்த வரி உறுதிமொழிப் படிவத்தை இந்த ஆண்டு அவனையே ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். நாமினி இடத்தில் அவன் பெயர் சரியான எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.